வழி தவறாதவர்களுக்கு வழி காட்டிய மந்தி

ஓணான்பாறைக் காட்டில் திருவாலன் என்று ஒரு மந்தி இருந்தான். கறுத்த முகம், சாம்பல் நிற உடம்பு, இரண்டு முழத்துக்கு நீண்டு தொங்கும் வால். அந்த வாலைப் பற்றி அவனுக்குப் பெருமை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அவன் மனிதர்கள் கையிலிருந்து எதையும் பறித்ததில்லை!

"பறிக்கிறதெல்லாம் அந்தச் செம்முகத்துக் குரங்குகள் வேலை. நாம இலை தின்னுற பரம்பரை. நமக்கு இந்தக் காட்டுல இல்லாத இலையா, காயா?" என்று கூட்டத்துக் குட்டிகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்துவான். குட்டிகள் கொட்டாவி விடும். அவன் நிறுத்த மாட்டான்.

அந்தக் காட்டில் வனத்துறைக்காரர்கள் ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு புங்கமரம். அங்கே ஆரம்பித்து, ஓடையை ஒட்டிப் போய், ஓணான்பாறையைச் சுற்றி, தேக்கு மரங்களுக்கு நடுவே வளைந்து வந்தால் மறுபடியும் அதே புங்கமரம். ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கம்பம், கம்பத்தில் மஞ்சள் அம்பு வரைந்த ஒரு பலகை. காவலர் இசக்கியப்பன் வாசலிலேயே எல்லாரிடமும் சொல்லி அனுப்புவார்: "அம்பைப் பாத்துப் போங்க, பத்திரமா வந்து சேருவீங்க!"

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மனிதர்கள் வரிசை வரிசையாக வருவார்கள். நாவல் மரத்து உச்சியில் உட்கார்ந்து திருவாலன் அவர்களை வேடிக்கை பார்ப்பான். அவ்வளவு உயரத்தில் பேச்சு ஒன்றும் காதில் விழாது. ஆட்கள் நடப்பது மட்டும் தெரியும்.

பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வளர்ந்து கவலை ஆனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் அதை நண்பனிடம் சொல்லியே விட்டான்.

நண்பன் பெயர் சடையன். மலையணில். பஞ்சுமூட்டை மாதிரி வாலை வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையில் ஏதோ கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"டே சடையா! இந்த மனுசங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்கலைடே!"

"ஏன், என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யலை. அதான் பாவம்! புங்கமரத்துல கிளம்புதாங்க. வேர்க்க விறுவிறுக்க நடக்காங்க. கடைசியில எங்க போய்ச் சேருதாங்க? அதே புங்கமரம்! வெளியே போக வழி தெரியாம சுத்திச் சுத்தி வாராங்கடே!"

சடையன் கொறிப்பதை நிறுத்தினான். "அப்படியா சொல்லுத?"

"பின்னே! சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் வாராரே, தொந்திக்காரர். நாலு ஞாயித்துக்கிழமையாப் பாக்கேன். நாலு தடவையும் புங்கமரத்துக்கே வந்து, இடுப்புல கையை வச்சுக்கிட்டு மூச்சு வாங்குதார். ஒரு மாசமா அந்த மனுசன் தவிக்காரு. ஒருத்தராவது உதவி செஞ்சாங்களா?"

"அவங்ககிட்டக் கேட்டுப் பாத்தியா?"

"கேக்க என்னடே இருக்கு? எனக்குக் கண்ணு இல்லையா?"

"இல்ல, கீழே இறங்கி ஒரு வார்த்தை…"

"நான் எதுக்கு இறங்கணும்? இங்க இருந்து பாத்தா எல்லாம் தெரியுது!"

சடையன் மறுபடியும் கொறிக்க ஆரம்பித்தான். கொட்டையில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

திருவாலன் கழுத்தை நீட்டி மூன்றாவது திருப்பத்தைப் பார்த்தான். அந்தத் திருப்பத்தில்தான் அம்பு இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் போனால் தேக்குமரங்கள், அப்புறம் புங்கமரம். வலப்பக்கம் போனால்? மேலேயிருந்து பார்க்கையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பச்சை மேடு, அதைத் தாண்டி ஓடை, ஓடையைத் தாண்டித் தென்னந்தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. நேர்கோடு கிழித்த மாதிரி இருந்தது!

"அட! எல்லாம் இந்த ஒரு பலகை செய்யுற அநியாயம்! தலையெழுத்தையே தப்பா எழுதி வச்சிருக்காங்க!" என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் உடனே கிளம்ப முடியாது. அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

மூங்கில் புதருக்கு அடியில் புள்ளியம்மாள் என்ற காட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தாள். சருகைக் குழித்து, அதில் ஐந்து முட்டை. போன வருஷமும் அவள் ஐந்து முட்டை இட்டாள். ஊருக்குள்ளிருந்து வந்த நாய் ஒன்று எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டுப் போனது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு அவள் கொக்கரித்த கொக்கரிப்பைக் கேட்டுக் காடே வாயடைத்து நின்றது. கல்மனசுக்காரனான கிழட்டுக் காட்டுப்பன்றிகூட அன்று கிழங்கு தோண்டவில்லை.

இந்த வருஷம் திருவாலன்தான் முன்வந்து வாக்குக் கொடுத்தான். "அக்கா! நீ இரை எடுக்கக் கிளம்புற நேரத்துல நான் மேலே இருந்து காவல் பாக்கேன். நரியோ நாயோ வந்தா ஒரே சத்தம்! நீ கவலையை விடு!"

புள்ளியம்மாள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் எழுந்திருப்பாள். முட்டையின் மேல் சருகைத் தள்ளி மூடுவாள். கிழக்கே கறையான் புற்றுக்குப் போய் நாலு கொத்து. அங்கிருந்து சுனையில் ரெண்டு வாய் தண்ணீர். பிறகு போன வழியில் திரும்பாமல் மேற்கே சுற்றி, உண்ணிச்செடிக்கு அடியில் நுழைந்து, மறுபடியும் முட்டைக்கே வந்து உட்காருவாள். வந்த வழியே திரும்பினால் யாராவது தடம் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு முன்ஜாக்கிரதை. திருவாலன் பதினெட்டு நாளாக இந்தச் சுற்றை மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்து என்ன? அவன் மூளையில் அது ஏறவே இல்லை.

அன்றும் அவள் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, உள்ளே லேசா அசையுது. இன்னும் மூணு நாளு. இனிமேதான் சூடு ரொம்ப முக்கியம். நான் எழுந்து போனா, வெயில் எதிர்ல கிடக்குற அந்த வெள்ளைக் கல்லைத் தொடுறதுக்குள்ள திரும்பி வந்து உக்காந்திரணும். இல்லேன்னா குளிர்ந்து போகும். நாளைக்கும் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கோ, என்ன?"

"அதை எங்கிட்ட விட்டுரு, அக்கா!"

அவளிடம் பலகை விஷயத்தைச் சொல்லலாமா என்று யோசித்தான். அடைகாக்கிறவளிடம் ஊர்க்கதை எதற்கு என்று விட்டுவிட்டான். சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்!

சாயங்காலம் மனிதர் நடமாட்டம் அடங்கியதும் மூன்றாவது திருப்பத்துக்கு வந்தான். தரையில் கால் படாமல், பக்கத்துக் கிளையில் ஒரு கையால் தொங்கிக்கொண்டே பலகையைப் பிடித்தான். பலகை ஒரே ஆணியில் நின்றது. ஓர் அழுத்து அழுத்தியதும் 'கிறீச்' என்று திரும்பிவிட்டது. இடப்பக்கம் காட்டிய அம்பு இப்போது வலப்பக்கம் காட்டியது.

"நாளைக்குப் பாரு! அந்தத் தொந்திக்காரருக்கு விடுதலை!" என்றான் திருவாலன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வந்தது சிவப்புத் தொப்பிக்காரர் இல்லை. சிதம்பரநாதன் என்பவர் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவி மங்கையர்க்கரசி, கையில் கனமான மஞ்சள்பை. கூடவே இரண்டு பையன்கள், மல்லிகா என்று ஒரு சின்னப் பெண், ஜமுக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்ட ஒரு மைத்துனன்.

மூன்றாவது திருப்பத்துக்கு மேலே ஒரு கிளையில் திருவாலன் அவர்களுக்காகக் காத்திருந்தான். மூங்கில் புதருக்கு மேலே இருக்க வேண்டிய நேரம் அது. "ஒரு நிமிசம் பாத்துட்டு ஓடிருவோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சிதம்பரநாதன் கம்பத்தின் முன் நின்றார்.

"அம்பு வலப்பக்கம் காட்டுது. வாங்க!"

"ஏங்க, அகலமான பாதை இடது பக்கம்தான் போகுது. இங்க வெறும் புதரா இருக்கு!" என்றாள் மங்கையர்க்கரசி.

"நீ சொல்லுறதைக் கேக்கவா, கவர்மென்டு போட்ட அம்பைக் கேக்கவா? பேசாம வா!"

அவ்வளவுதான். ஆறு பேரும் வலப்பக்கம் நுழைந்தார்கள். திருவாலன் மகிழ்ச்சியில் கிளையையே குலுக்கினான். ஓடை, தோப்பு, ரோடு! நேராகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்!

ஆனால் அவர்கள் நேராகப் போகவில்லை. மேலேயிருந்து பார்க்கும்போது பச்சை மேடாகத் தெரிந்தது என்ன தெரியுமா? உண்ணிச்செடி! ஆள் உயரத்துக்கு முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடந்தது. மரத்துக்கு மரம் தாவுகிறவனுக்கு அதன் அருமை எங்கே தெரியப்போகிறது? தரையில் நடப்பவருக்கு அங்கே ஒரே ஒரு வழிதான், பன்றி போட்ட ஒற்றையடித் தடம். அந்தத் தடம் ஓடைக்குப் போகவில்லை. வளைந்து, நெளிந்து, நேரே மூங்கில் புதருக்குப் போனது!

திருவாலனுக்கு உயிரே போய்விட்டது. கிளை கிளையாகத் தாவி மூங்கிலுக்கு வந்தான். அதற்குள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

"ஆஹா, எவ்வளவு நிழல்! இங்கேயே உக்காந்து சாப்பிட்டுருவோம்!" என்றார் சிதம்பரநாதன்.

மைத்துனன் ஜமுக்காளத்தை உதறி விரித்தான். அதன் ஓரத்துக்கும் முட்டைக்கும் நடுவே மூன்று முழம்தான் இருந்தது. சருகு மூடியிருந்ததால் யார் கண்ணிலும் முட்டை படவில்லை. புள்ளியம்மாள் அங்கே இல்லை. அவள் இரை எடுக்கக் கிளம்பியிருந்தாள்.

"கர்ர்… கக்! கக்!" என்று திருவாலன் அபாயக் குரல் கொடுத்தான். புலி வந்தால் கொடுக்கும் குரல் அது. அதைக் கேட்டால் மானெல்லாம் தலைதெறிக்க ஓடும்.

மனிதர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "ஏ, மந்தி! எவ்வளவு நீள வாலு பாரு!" என்று பையன்கள் கைதட்டினார்கள். மைத்துனன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான்.

திருவாலன் கிளையைப் பிடித்து உலுக்கினான். சருகும் பிஞ்சும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"என்ன அருமையான காத்து!" என்றார் சிதம்பரநாதன்.

அப்போது உண்ணிச்செடிக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "தம்பி! தம்பி!"

புள்ளியம்மாள் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தாள். இலைகளுக்கு நடுவே அவள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் பயம் அப்பிக் கிடந்தது.

"இவங்க எப்படி இங்க வந்தாங்க? இத்தனை வருசத்துல ஒரு மனுசன்கூட இந்தப் பக்கம் வந்ததில்லையே!"

திருவாலன் அவளுக்கு மேலே தாழ்வான கொடியில் வந்து தொங்கினான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா… நான்தான். பலகையைத் திருப்பி வச்சேன். பாவம், வழி தவறிச் சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வாராங்களேன்னு…"

"சுத்திட்டு அதே இடத்துக்கு வந்தா வழி தவறினதா அர்த்தமா?" என்று கேட்டாள் புள்ளியம்மாள். "நானும் தினம் சுத்திட்டு இதே இடத்துக்குத்தானே வாரேன்! பதினெட்டு நாளாப் பாக்கியே! நான் வழி தவறிட்டேனா தம்பி? என் முட்டை இங்க இருக்கு, அதனால இங்க வாரேன்! அவங்க வீட்டுக்குப் போற வண்டி அந்தப் புங்கமரத்தடியில நிக்காதா?"

திருவாலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வெட்கத்தில் அவன் கறுத்த முகம் இன்னும் கறுத்தது.

"வெயிலைப் பாரு," என்றாள் அவள்.

வெயில் வெள்ளைக் கல்லுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

மேல் கிளையில் சடையன் வந்து நின்றான். "ஏலே, என்ன செய்யப்போற? இவங்க சாப்பிட்டு, கை கழுவி, குட்டித் தூக்கம் போட்டுத்தான் எழுந்திருப்பாங்க போல!"

"சடையா, இவங்களை எது எழுப்பும்?"

"புலிச் சத்தத்துக்கே அசையலை. இனி என்ன இருக்கு?" சடையன் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தான். "அந்த மஞ்சள்பையிலதான் அவங்க உயிரே இருக்கு. எல்லார் கண்ணும் அதுமேலதான்!"

திருவாலன் மஞ்சள்பையைப் பார்த்தான். மங்கையர்க்கரசி அதன் முடிச்சை அவிழ்க்கப் போனாள். புளியோதரை வாசம் மூக்கைத் துளைத்தது.

பறிப்பதா? அவனா? இலை தின்னும் பரம்பரையா? குட்டிகளுக்கெல்லாம் பாடம் நடத்திய வாயால் இனி எப்படிப் பேசுவது? நாளைக்கே செம்முகக் குரங்குகள் வந்து தோளில் கை போட்டு, 'வா பங்காளி' என்று கூப்பிடாதா?

வெயில் அரை முழம் நகர்ந்தது.

"பெருமை போனாப் போகட்டும்!" என்றான் திருவாலன். பொத்தென்று தரையில் குதித்தான்.

ஒரே தாவல்! மஞ்சள்பை அவன் கையில் இருந்தது.

"அய்யோ! என் புளியோதரை!" என்று மங்கையர்க்கரசி அலறினாள். "விடாதீங்க! பிடிங்க அதை! காலையில நாலு மணிக்கு எழுந்து செஞ்சதுங்க!"

திருவாலன் மரத்தில் ஏறவில்லை. ஏறினால் அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள். பன்றித் தடத்தில், அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பத்தடி முன்னால் குதித்துக் குதித்து ஓடினான். மங்கையர்க்கரசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பையன்களும் மல்லிகாவும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். மைத்துனன் செல்போனைப் பிடித்தபடியே ஓடினான்.

"நீங்க ஜமுக்காளத்தை எடுத்துட்டு வாங்க!" என்று அவள் ஓடுகிற ஓட்டத்திலேயே புருஷனுக்கு உத்தரவு போட்டாள்.

சிதம்பரநாதன் மட்டும் மூங்கிலடியில் நின்றார். மெதுவாகக் குனிந்தார். ஜமுக்காளத்தின் ஒரு முனையை எடுத்தார். இன்னொரு முனை சருகுக் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்க ஓர் அடி வைத்தார். புள்ளியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் செருப்புக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு சாண்! இன்னும் ஓர் அடி வைத்தால் தீர்ந்தது!

சடையன் கையிலிருந்த கொட்டையை ஓங்கி எறிந்தான். அது சரியாக அவர் வழுக்கை மண்டையில் விழுந்தது.

"யாருடே அது!" என்று அவர் துள்ளிப் பின்வாங்கினார். அந்த முனையைத் தூரத்தில் நின்றபடியே வெடுக்கென்று இழுத்து, சுருட்டாமலே அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வெயில் வெள்ளைக் கல்லைத் தொட்டது. அதே நேரத்தில் புள்ளியம்மாள் சருகை விலக்கிக்கொண்டு முட்டையின் மேல் உட்கார்ந்தாள். நான்கு முட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. ஓரத்தில் இருந்த ஐந்தாவது சில்லிட்டிருந்தது. அவள் அதை அலகால் உருட்டி நெஞ்சுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் திருவாலன் மூன்றாவது திருப்பத்துக்கு வந்து சேர்ந்தான். ஒரு கையில் மஞ்சள்பை. இன்னொரு கையால் பலகையை எட்டிப் பிடித்துத் திருப்பினான். 'கிறீச்!' அம்பு பழையபடி இடப்பக்கம் காட்டியது.

"அம்மா! அந்த மந்தி நமக்கு வழி காட்டுது!" என்றாள் மல்லிகா.

"வழியாவது ஒண்ணாவது! திருட்டு மந்தி! ஓடு, பிடி!"

தேக்கு மரங்களுக்கு நடுவே அந்த ஊர்வலம் போனது. முன்னால் மந்தி, பின்னால் மங்கையர்க்கரசி, அவள் பின்னால் பிள்ளைகள், கடைசியில் ஜமுக்காளம் தடுக்கத் தடுக்கச் சிதம்பரநாதன். அவர்கள் பின்தங்கினால் திருவாலன் நின்று காத்திருப்பான். கிட்டே வந்தால் குதிப்பான். மைனாக்கள் சிரித்தன. மந்திக் கூட்டத்துக் குட்டிகள் மரத்தில் வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. "பெரியண்ணன் பறிச்சுட்டு ஓடுதாரே!" என்று ஒன்று கத்தியது. அது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. வலித்தது. ஆனாலும் அவன் நிற்கவில்லை.

புங்கமரத்தடிக்கு வந்ததும் பையைக் காவலரின் மேஜை மேல் வைத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டான். முடிச்சு அவிழவில்லை. ஒரு பருக்கை சிந்தவில்லை.

இசக்கியப்பன் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மந்தி பறிக்குமா? இருபது வருசமா இங்க இருக்கேன், இப்படிப் பாத்ததே இல்லையே!"

திருவாலன் இந்தத் தடவை உச்சிக்குப் போகவில்லை. தாழ்ந்த கிளையிலேயே உட்கார்ந்தான். முதல்முதலாக மனிதர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டான்.

மூச்சு வாங்கிக்கொண்டே மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மந்தியைத் திட்டினாள். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். புளியோதரை பத்திரமாக இருந்தது. சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எல்லாரையும் தொற்றிக்கொண்டது.

"இந்த மாதிரி ஓடி எத்தனை வருசமாச்சு! அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவோமா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"மறுபடியும் இதே வழியிலயா?" என்றான் மூத்த பையன்.

"இதே வழிதான். இன்னைக்குப் பாத்த பட்டாம்பூச்சி அன்னைக்கு இருக்குமா? வேற ஒண்ணு இருக்கும். இப்படி ஒரு சுத்துப் போயிட்டு வந்தா எனக்கு அந்த வாரமே தெம்பா ஓடும்!"

அப்போது சிவப்புத் தொப்பிக்காரர் வந்து இறங்கினார். காவலரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இசக்கியப்பா! டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். நாலு வாரம் நடந்ததுல சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்காம்! விடாம நடங்கன்னு சொல்லிட்டாரு!"

திருவாலன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். 'ஒரு மாசமா இவருக்காகக் கண்ணீர் விட்டேனே!' என்று நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'மந்திகள் ஜாக்கிரதை! பைகளைப் பறிக்கும்!' என்று எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தார்கள். மைத்துனன் செல்போனில் எடுத்த படம். வால் மட்டும் வெகு அழகாக விழுந்திருந்தது. அந்த வழியாகப் போகும் செம்முகக் குரங்குகள் ஒவ்வொன்றும் அதன் முன் நின்று வணக்கம் போட்டுவிட்டுத்தான் போயின. திருவாலன் குட்டிகளுக்குப் பாடம் நடத்துவதையும் நிறுத்திவிட்டான். குட்டிகளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அவன் மனசெல்லாம் மூங்கிலடியிலேயே இருந்தது. இந்த முறை மேலேயிருந்து காவல் பார்க்கவில்லை. புதருக்குப் பக்கத்தில், தரையில், மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் 'கீச்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மத்தியானத்துக்குள் நான்கு குஞ்சுகள் புள்ளியம்மாளின் இறக்கைக்கு வெளியே தலையை நீட்டின. ஐந்தாவது முட்டை அசையவில்லை.

"அக்கா, அது…" திருவாலன் முட்டையைச் சுட்டிக் காட்டினான். "என்னாலதான்!"

"பேசாம இரு தம்பி. நான் இன்னும் எழுந்திருக்கலையே!"

அன்று முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு குஞ்சுகளும் முதுகில் ஏறி விளையாடின. திருவாலன் ஓர் இலைகூடத் தின்னவில்லை. மறுநாள் வெயில் வெள்ளைக் கல்லைத் தொடுகிற நேரம். முட்டையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. கீறல் ஓட்டையானது. ஓட்டை வழியாக ஓர் ஈரமான அலகு எட்டிப் பார்த்து, எல்லாரையும் விடப் பெரிய குரலில் கத்தியது!

திருவாலன் அழுதான், சிரித்தான், தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு விழுந்தான்.

ஐந்தாவது குஞ்சின் ஈரம் காய்ந்ததும் புள்ளியம்மாள் எழுந்து இறக்கையை உதறினாள். "வாங்க பிள்ளைகளா!" என்று கிளம்பினாள். கறையான் புற்று, சுனை, மேற்குப் பக்கம், உண்ணிச்செடி. அவள் பின்னால் ஐந்து குஞ்சுகள். அதற்குப் பின்னால், முள் குத்தக் குத்த, தரையிலேயே நடந்து வந்தான் திருவாலன்.

மேலேயிருந்து சடையன் கத்தினான். "ஏலே! எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் இல்லடே! சும்மா ஒரு சுத்துப் போயிட்டு இங்கேயே வாரோம்!" என்றான் திருவாலன். "நீயும் இறங்கி வாயேன்!"

பிறர் நடக்கும் வழி தவறு என்று உயரத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லி அதைத் திருத்தப் புறப்படுவதற்கு முன்னால், கீழே இறங்கி அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.